கொலைகாரனுக்கு முகம் கிடையாது

1

இந்தக் கதை எனக்கு மீன் பொரிக்கும் கடையின் வரிசையில் கிடைத்தது. நெடுநாள் மனத்தில் ஊறிய கரு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவே: நவம்பர் மாதம், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் பிரிட்லிங்டன் கடற்கரைச் சாலை, வெளியே ஆளைத் தள்ளும் காற்று. உள்ளே எனக்கு முன்னால் நின்ற நெவில் ஹர்ஸ்ட், யாரும் கேட்காமலேயே, கடை முழுவதற்கும் கேட்கிற குரலில் அறிவித்தார்.

"நான்தான் கொலைகாரன்."

ஒருவரும் பதறவில்லை. "இருந்துட்டுப் போ நெவ், கொஞ்சம் தள்ளி நில்லு. வினிகர் பாட்டில மறைச்சுக்கிட்டு நிக்கிறே," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாள்.

"என் பொண்ணு படம் எடுக்குறா. திரில்லர். அதுல கொலை பண்றவன் நான்."

"பேசுறதுக்கு ஏதாச்சும் குடுத்திருக்காளா?"

"பேச்சு எதுக்கு? எல்லாம் மூஞ்சியிலயே காட்டிருவேன்."

கல்லாவுக்குப் பின்னால் நின்று உருளைக்கிழங்கின் மேல் உப்புத் தூவிக்கொண்டிருந்த பெண் தூவிக்கொண்டே இருந்தாள். பொட்டலம் பனி பெய்த கூரை மாதிரி ஆகிவிட்டது. அவள்தான் லியான், நெவிலின் மகள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய கல்லூரிப் படிப்பு; கல்லூரி இல்லாத நாட்களில் அங்கே வேலை.

"அப்பா, மெதுவா," என்றாள்.

அவள் குரல் போன விதத்தில்தான் கதை இருப்பதாக எனக்குப் பட்டது. பிறகு விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அந்தப் படத்தில் கொலைகாரனின் முகம் வரப்போவதில்லை. அது முன்பே முடிவாகிவிட்டது. நெவிலிடம் மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

(இனி வருவதில் பாதி லியான் சொன்னது, பாதி நான் இட்டு நிரப்பியது. எது எந்தப் பாதி என்று கேட்டால் நான் ஊரில் இல்லை.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

*மழை. இருட்டு. ஈரத் தரையில் ஒரு காலடியோசை நெருங்கி வந்து*

நிறுத்திவிட்டேன். லியானோடு சேர்ந்து படமெடுக்கும் டங்கன் பிளைத் என்கிற பதினேழு வயதுப் பையனும் தன் திரைக்கதையை இதே வார்த்தைகளில்தான் தொடங்கியிருந்தான். இந்த வயதில் அவனோடு போட்டிக்கு நிற்க முடியாது.

*அன்று காலை எழுந்தபோது லியானுக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் தன் தந்தையை*

இதுவும் வேண்டாம். காலையில் எழும்போது யாருக்கு என்ன தெரிகிறது?

மூன்றாவது, வகுப்பறையில் தொடங்குவது. சலிப்பூட்டும் என்றாலும் நிஜம் அங்கேதான் இருக்கிறது. தொடங்குகிறேன்.

ஊடகக் கல்வி ஆசிரியர் பிக்கர்ஸ்கில் கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு சுற்றியிருப்பார், அறைக்குள் ஹீட்டர் போட்டிருந்தாலும். "நான் துறையில் இருந்த காலத்தில்" என்று தொடங்காமல் அவருக்கு வாக்கியம் வராது.* அன்று அவர் பலகையில் திரில்லரின் வகைமை மரபுகளை எழுதிப் போட்டார். மங்கிய வெளிச்சம். ஆளரவமற்ற இடம். தனியாக வரும் இளம்பெண். தலையை மூடிய சட்டை போட்ட உருவம். மூச்சுச் சத்தம். மினுக்கிக் கெடும் விளக்கு. கடைசியாக, மூன்று முறை அடிக்கோடிட்டு: கொலைகாரனின் முகம் காட்டப்படாது.

"ஏன் காட்டக்கூடாது?" என்று கேட்டார்.

"கடைசியில காட்டுறதுக்காக, சார்," என்றான் டங்கன்.

"அருமை."

இதில் உள்ள சிக்கலை வகுப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. எடுக்கவேண்டியது முழுப்படம் அல்ல. பாடத்திட்டம் கேட்பது படத்தின் முதல் இரண்டு நிமிடம் மட்டும். தொடக்கம் எடுத்தால் மதிப்பெண். முடிவு எடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆண்டுதோறும் இந்தத் தீவு முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளைகள் கொத்துக் கொத்தாகக் கொலைகளைத் தொடங்கிவைத்துவிட்டுப் பல்கலைக்கழகம் போய்விடுகிறார்கள். ஒருவர்கூட இதுவரை பிடிபட்டதில்லை. துப்பறிபவர் கோட்டை மாட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

ஆக, கடைசியில் காட்டுவதற்காக மறைத்துவைத்த முகத்துக்குக் கடைசியே கிடையாது.

இன்னொரு சடங்கும் உண்டு. படம் முடிந்ததும், எடுத்த ஒவ்வொன்றையும் ஏன் எடுத்தோம் என்று பக்கம் பக்கமாக விளக்க வேண்டும். மரபைப் பின்பற்றினோம், அல்லது மரபை மீறினோம். தற்செயலாக நடந்தது என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

"மீறலாமா சார்?" என்று லியான் கேட்டாள்.

"ஒரு இடத்துல மீறலாம். அது துணிச்சல். ரெண்டாவது இடத்துலயும் மீறினா, பாடமே படிக்கலன்னு எழுதிருவாங்க. நான் துறையில இருந்த காலத்துல..."

\* அந்தத் துறையில் அவர் ஒரு விடுமுறை முகாம் விளம்பரத்துக்குக் கம்பிச்சுருள் தூக்கியதாகக் கேள்வி. உறுதியாகத் தெரியாததை அடிக்குறிப்பில் போடுவது, கதை எழுதுவதையே கதையாக்கும் எங்கள் வகைமையின் மரபு.

3

இப்போது நெவில்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஆள் நம்பும்படியாக இருக்கிறாரா?

பிங்கோ சூதாட்டக் கூடத்தில், ஆடுபவர்கள் சீட்டில் அடிக்க வேண்டிய எண்களைக் கூவுவது அவர் வேலை. மின்னும் சட்டை போட்டுக்கொண்டு, உருண்டு வரும் பந்தை எடுத்து, அதிலுள்ள எண்ணை நாட்டுக்கு அறிவிக்கும் செய்தி போலப் படிப்பார். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவர் குரலைக் கேட்டால் கை தானாகப் பேனாவைத் தேடும். குரலும் முகமும்தான் அவருடைய சொத்து. அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு, பேச்சும் முகமும் இல்லாத வேடம் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதினால், கதாசிரியர் வேண்டுமென்றே செய்தது என்பீர்கள். நான் செய்யவில்லை. முதலில் நடிக்கவிருந்த டங்கனின் அப்பாவுக்கு முதுகு வலி. வேறு ஆள் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. லியான் பிறப்பதற்கு முன்னால், தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் துறைமுகத்தில் படமெடுக்க வந்தார்கள். கூட்டத்தில் ஒருவராக நெவில் நாள் முழுக்க நின்றார். ஒளிபரப்பான அன்று உறவினர்கள் எல்லோரும் வீட்டில் கூடினார்கள். திரையின் ஓரத்தில் ஒரு முழங்கை வந்து போனது. "அது என்னோடது," என்றார் நெவில். பக்கத்தில் நின்ற மீனவருடையது என்று அவர் மச்சினன் இன்றுவரை சாதிக்கிறான்.

இது அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்பதால் நீக்கிவிட நினைத்தேன். ஆனால் லியான் வளர்ந்ததே அந்த முழங்கைக் கதையைக் கேட்டுத்தான். கிறிஸ்துமஸ் விருந்துதோறும் யாராவது அதை மேசைக்குக் கொண்டுவருவார்கள். நெவில் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பார், பிறகு தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார். அவர் அங்கே என்ன செய்வார் என்று லியானுக்கு வெகுநாள் தெரியாது. ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அதனால்தான் அவளால் சொல்ல முடியவில்லை.

சொல்லாமலும் இருக்க முடியாது. நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படிக்க அவளுக்கு இந்தப் பாடத்தில் முதல்தரம் வேண்டும். கிடைத்தால் ஊரைவிட்டுப் போகலாம். கிடைக்காவிட்டால் உப்புத் தூவலாம். தரம் பலகையில் இருக்கிற மரபுகளில் இருக்கிறது. அப்பா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் இருக்கிறார், ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பழகிக்கொண்டு.

4

படப்பிடிப்பு.

திரில்லர் இரவில் நடக்க வேண்டும் என்பது மரபு. எங்கள் ஊர் நவம்பரில் கல்லூரி விடுவதற்குள் இருட்டிவிடும் என்பதால் யாருக்கும் சிரமமில்லை. ஆளரவமற்ற இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. ரயில் பாதைக்கு அடியில் போகும் நடைபாதையை டங்கன் தேர்ந்தெடுத்தான். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்தப் பக்கத்துச் சனங்கள் கடைக்குப் போக அது ஒன்றுதான் வழி.

லியான்தான் கொல்லப்படும் இளம்பெண், அவளேதான் இயக்குநர். டங்கன் அவனுடைய மாமாவின் நீளக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒளிப்பதிவாளர் ஆகியிருந்தான்.

"மிஸ்டர் ஹர்ஸ்ட், நீங்க அந்த வளைவுல இருந்து மெதுவா வரணும். தலையக் குனிஞ்சுக்கிட்டு."

"குனிஞ்சா மூஞ்சி தெரியாதேப்பா."

டங்கன் லியானைப் பார்த்தான். லியான் சுவரைப் பார்த்தாள்.

"முதல்ல தெரியக்கூடாது அப்பா," என்றாள். "சஸ்பென்ஸ்."

"ஓ. அப்புறமாத் தெரியும்."

அவள் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டினாள். (இந்தத் தலையாட்டலைப் பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் கொஞ்சம் பொய் சொன்னாள். அதனால் 'ஒரு மாதிரி' என்றே விட்டுவிட்டேன்.)

முதல் தடவை: கொலைகாரன் நிழலிலிருந்து வெளிப்பட்டான். பையோடு எதிரே வந்த கிழவி, "என்ன நெவ், மூட்டு வலி தேவலையா?" என்றாள். கொலைகாரன் நின்று, தேவலை என்று சொல்லி, அவள் மூட்டைப் பற்றியும் விசாரித்தான்.

இரண்டாவது தடவை: லியான் பயந்து பயந்து நடந்தாள். பின்னால் மூச்சுச் சத்தம். அவள் தோள்மேல் ஒரு கை விழுந்தது.

"ஷூ லேஸ் அவுந்திருக்கு பாரு, கண்ணு."

"அப்பா!"

"விழுந்து தொலைச்சேன்னா?"

"நீங்க என்னைக் கொல்ல வந்திருக்கீங்க!"

"கொல்றேன். முதல்ல லேஸக் கட்டு."

மூன்றாவது தடவை எல்லாம் கூடிவந்தது. விளக்கு தானாகவே மினுக்கிக் கெட்டது. உருவம் குனிந்த தலையோடு, தோள்கள் கனக்க, நடைபாதையை அடைத்துக்கொண்டு வந்தது. லியான் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கே உள்ளுக்குள் ஏதோ சில்லிட்டது. அவ்வளவு நாள் பழகிய உடம்பு, முகம் இல்லாதபோது யாருடையதோ ஆகிவிட்டிருந்தது. அப்போது நடைபாதையின் மறுகோடியிலிருந்து ஒரு நாய் பாய்ந்து வந்தது. கிரேவி. அவர்கள் வீட்டு நாய். தோட்டக் கதவைத் தாண்டிக் குதித்து, மோப்பம் பிடித்து வந்திருக்கிறது. லியானைக் கண்டுகொள்ளாமல் நேராகக் கொலைகாரனிடம் ஓடி, வாலும் பின்பாதி உடலும் சேர்ந்து ஆட, அவன் கையை நக்கியது.

"கெட்டுச்சு போ," என்றான் டங்கன். ஆனால் கேமராவை நிறுத்த மறந்துவிட்டான்.

5

பிக்கர்ஸ்கில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தார். நாய் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். துண்டை ஒரு சுற்றுத் தளர்த்தினார்.

"இது யாரோட யோசனை?"

டங்கனும் லியானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாயினுடையது.

"எங்க ரெண்டு பேரோடதும்," என்றான் டங்கன்.

"கெட்டவனப் பார்த்தா நாய் குரைக்கணும். அதுதான் மரபு. நீங்க அதத் தலைகீழாப் போட்டிருக்கீங்க. தீமைய விலங்கு அடையாளம் கண்டுக்குது, ஆனா அன்போட. அடடா." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் துறையில இருந்தப்பக்கூட இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததில்ல. இதுதான் உங்க மீறல். மத்ததெல்லாம் பலகையில இருக்கிறபடி சுத்தமா இருக்கட்டும். முதல்தரம் எங்கயும் போகாது."

"சார்," என்றாள் லியான். "முகத்தக் காட்டினா?"

"யார் முகத்த?"

"கொலைகாரனோட."

"எதுக்கும்மா? நாயோட முகந்தான் இருக்கே."

நான் இதை இட்டுக்கட்டியதாக நினைக்கிறவர்கள் எந்த ஊடகக் கல்வித் துறையிலும் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்கலாம். கிரேவி குதித்ததற்கு டங்கன் இரண்டு பக்க விளக்கம் எழுதினான். அதில் 'பார்வையாளரின் ஒழுக்க நிலைப்பாட்டைக் குலைத்தல்' என்ற தொடர் வருகிறது. கிரேவி அந்த நேரத்தில் சோபாவுக்கு அடியில் ஒரு காலுறையைக் குலைத்துக்கொண்டிருந்தது.

6

இந்தப் பகுதியில் லியான் அப்பாவிடம் உண்மையைச் சொல்வதாகத் திட்டம். சமையலறை, வாட்டிய ரொட்டியின் மேல் பீன்ஸ், எதிரெதிரே இரண்டு பேர். அவளை உட்காரவும் வைத்துவிட்டேன்.

"அப்பா, படத்தப் பத்தி ஒண்ணு..."

"நானும் சொல்லணும்னு இருந்தேன். காலேஜ்ல போட்டுக் காட்டுறாங்கல்ல? மூணு வரிசை நமக்கு ஒதுக்கச் சொல்லு."

"மூணு வரிசையா?"

"பிங்கோக்காரங்க எல்லாரும் வராங்க. டோரத் அவ சக்கர நாற்காலியோட வருவா, அதனால ஓரத்து இடம். அப்புறம் உன் மாமன். அவன் முதல் வரிசை. நடுவுல. கண்ணாடி போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"அப்பா..."

"பயப்படாத. நான் ஒண்ணும் பெருமை அடிக்கப் போறதில்ல. சும்மா உக்காந்திருப்பேன். அவன் பார்க்கட்டும்." முட்கரண்டியால் பீன்ஸை ஒரு மூலைக்கு ஒதுக்கினார். "நல்லா வந்திருக்கா கண்ணு? நெசமாச் சொல்லு."

*லியான் நிமிர்ந்து, தந்தையின் கண்களைப் பார்த்து, உறுதியான குரலில்*

இல்லை. அவள் அப்படிச் செய்யவில்லை. "பயமா இருந்துச்சுப்பா, நீங்க நடந்து வந்தது," என்றாள். அது உண்மை. நெவில் புருவத்தை ஒருமுறை தூக்கி இறக்கினார், பாராட்டுக்கு நன்றி சொல்வது போல.

7

ஒப்படைக்கும் நாள். நண்பகலோடு படத்தொகுப்பு அறையைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது. பசிக்கிறது என்று டங்கன் வெளியே போயிருந்தான். லியான் தனியாக இருக்கிறாள்.

அவளிடம் முகம் இருக்கிறது. இரண்டு.

ஒன்று, நெவில் கெஞ்சிக் கேட்டதற்காகப் படப்பிடிப்பின் முடிவில் எடுத்தது. சட்டையின் தலைமறைப்பைச் சரேலென்று தள்ளிவிட்டுக் கேமராவை முறைக்கிறார். புருவம் ஏறுகிறது. உதடு கோணுகிறது. மூக்குத் துவாரம் விரிகிறது. தும்மல் வரப்போகிற ஒருவரைப் போலவே இருக்கிறது. இதை வைத்தால் மூன்று வரிசையும் விழுந்து விழுந்து சிரிக்கும். மாமன் எல்லோரையும் முந்திக்கொள்வான்.

மற்றது, டங்கன் நிறுத்த மறந்த படத்துண்டில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் முடிவுகளை வரிசைப்படுத்திவிடுகிறேன். மூன்று மாற்று முடிவு கொடுக்காவிட்டால் என் வகைமைக்காரர்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

முதல் முடிவு: லியான் முகம் இல்லாமலே ஒப்படைக்கிறாள். முதல்தரம். நியூகாஸில். அரங்கில் விளக்கு எரிந்ததும் நெவில் எல்லோரையும்விடப் பலமாகச் சிரிக்கிறார். கிறிஸ்துமஸ் விருந்தில் முழங்கைக்குத் துணையாக ஒரு குனிந்த தலையும் சேர்கிறது.

இரண்டாவது: நாயை வெட்டிவிட்டு, அந்த ஒரே மீறலை அப்பாவுக்குக் கொடுக்கிறாள். பிக்கர்ஸ்கில் மனமுடைந்து துண்டைக் கழற்றிவிடுகிறார். தரம் ஒரு படி இறங்குகிறது. மகள் தன் எதிர்காலத்தைத் தியாகம் செய்தாள் என்று நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். நான் துடைக்கமாட்டேன். இதை நெவில் அறிந்தால் அவளை நிஜமாகவே கொன்றுவிடுவார்.

மூன்றாவது: தேர்வாளர் தங்க மனசுக்காரர், இரண்டு மீறலுக்கும் முதல்தரம் போடுகிறார். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் அரங்குக்குப் போகவில்லை. போயிருந்தால் உங்களுக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் மீன்கடையிலும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இரண்டாவது படத்துண்டு இதுதான். "கெட்டுச்சு போ" என்று டங்கனின் குரல் கேட்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து நெவில் தலைமறைப்பைத் தள்ளிவிடுகிறார். மெதுவாக, இரண்டு கையாலும். முடி ஒரு பக்கமாகப் படிந்து, நடுவில் வழுக்கை தெரிகிறது; பிங்கோ மேடையில் அதைச் சீவி மறைத்திருப்பார். குளிரில் மூக்கு சிவந்திருக்கிறது. நாயின் காதைப் பிடித்து, "உன்னை யாருடா கூப்பிட்டது?" என்கிறார். பிறகு நிமிர்ந்து, கேமராவுக்குச் சற்றுத் தள்ளி, லியான் நிற்கும் இடத்தைப் பார்க்கிறார். புருவம் தூக்கவில்லை. நாய் கெடுத்ததற்குத் தானே பொறுப்பு என்பது போல ஒரு முகம். ஒரு நாளும் அவர் கண்ணாடிக்கு முன்னால் பழகியிராத முகம்.

"மறுபடி வரட்டுமா, கண்ணு?"

அவ்வளவுதான். அதில் கொலைகாரனே இல்லை. நெவில் காட்ட விரும்பிய முகமும் அது இல்லை. அதை மாமனுக்கு முன்னால் போட்டுக் காட்டினால் சந்தோஷப்படுவாரா, கூசிப்போவாரா என்பது லியானுக்குத் தெரியவில்லை. மறுபடி ஓடவிட்டாள். மறுபடி. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் டங்கனின் செருப்புச் சத்தம் கேட்கிறது. வெளியே பிக்கர்ஸ்கில் யாரிடமோ, "நான் துறையில இருந்த காலத்துல நேரம்னா நேரந்தான்," என்று சொல்லிக்கொண்டே சாவிக்கொத்தைக் குலுக்குகிறார்.

இந்த இடத்தில் எழுதியவர் விலகிக்கொண்டு, முடிவை வாசகரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் மரபு. நான் மரபை மீறுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்று: லியானுக்கு முன்னால் இருப்பது இரண்டு நிமிடப் படம். அதில் அந்த முகத்தை அவளைத் தவிர இன்னும் யாரும் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இனி வெட்டுவதென்றால் நீங்கள்தான் வெட்ட வேண்டும்.